பின்கேட்டின் சாவி

ஸ்பிரிங்ஃபீல்ட், மிசௌரி
ஜனவரி 9, 2017

அன்புள்ள லியோட்டா,

பல வாரம் யோசித்து, இரண்டு தடவை மனம் மாறி, கடைசியில் என் இதய மருத்துவரின் கருத்தையும் கேட்டபிறகு ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். இதை நீங்கள் வேறு யார் வாயாலும் கேட்கக் கூடாது என்பதால் நானே எழுதுகிறேன். மேட்டில் வேட்டையாட விடுவதற்கு நன்றியாக வருடா வருடம் நான் வைக்கும் புகை போட்ட பன்றித்தொடை இந்த ஆண்டு முதல் உங்களுக்கு வராது. அதற்குப் பதில் சாசேஜ் வரும்.

காரணங்களைச் சொல்லிவிடுகிறேன். பன்றித்தொடை கனமானது. அதை உங்கள் அஞ்சல் பெட்டியின் மேல் வைத்தால் சரிந்து விழுகிறது. போன கிறிஸ்துமஸுக்கு வைத்ததை நாய் இழுத்துக்கொண்டு போனதாகக் கேள்விப்பட்டேன். சாசேஜை அஞ்சல் பெட்டியின் சிவப்புக் கொடியில் மாட்டிவிட்டுப் போய்விடலாம். வாசல் வரை வந்து உங்களை எழுப்ப வேண்டியதில்லை.

அடுத்தது வான்கோழி. வழக்கம்போல வாரப் பத்திரிகைக்கு இந்த வசந்த காலத்தின் வான்கோழி வேட்டை வாய்ப்புகள் பற்றிய கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு வருடம் முந்திய கோடையில் மழை அளவோடு பெய்து குஞ்சுகள் நிறையப் பிழைத்தன. அவையெல்லாம் இப்போது இரண்டு வயதுச் சேவல்கள். ஆண்பிள்ளைக்கு வாயை மூடத் தெரியாத வயது. இந்த ஏப்ரலில் உங்கள் மேட்டில் விடியற்காலையில் காதைப் பொத்திக்கொள்ள வேண்டியிருக்கும்.

வேட்டைப் பருவம் திறக்கும் திங்கட்கிழமை வந்துவிடுவேன். நீங்கள் எழுந்திருக்க வேண்டாம். உங்கள் வீட்டுக்காரர் டெல்மரின் அடக்கத்துக்குப் பிறகு பின்கேட்டின் சாவிக்கு நான் ஒரு நகல் வெட்டி வைத்துக்கொண்டது உங்களுக்கு நினைவிருக்கும். அன்று முதல் நான் உங்களை ஒரு நாள் காலையிலும் தொந்தரவு செய்ததில்லை.

தங்கள் உண்மையுள்ள,
ஓரின் டாக்கெட்

*

கிரைடர் பண்ணை
ஜனவரி 20, 2017

திரு. டாக்கெட் அவர்களுக்கு,

சாசேஜ் பற்றி அறிந்தேன்.

மேட்டை இந்த வசந்தத்துக்கு மட்டும் செயின்ட் லூயிஸிலிருந்து வரும் மூன்று பல் மருத்துவர்களுக்கு வேட்டைக் குத்தகைக்கு விட்டிருக்கிறேன். அவர்களைத் தவிர வேறு யாரும் துப்பாக்கியோடு உள்ளே வரக்கூடாது என்பது ஒப்பந்தம். ஆகவே நீங்கள் வர வேண்டாம்.

நாய் இழுத்துக்கொண்டு போனது பக்கத்துப் பண்ணை நாய். என் நாய் போன வருடம் செத்துப்போயிற்று.

லியோட்டா கிரைடர்

*

ஸ்பிரிங்ஃபீல்ட்
பிப்ரவரி 2, 2017

அன்புள்ள லியோட்டா,

‘திரு. டாக்கெட்’ என்று என்னை அழைப்பவர்கள் வருமான வரி அலுவலகத்தாரும் நீங்களும்தான். அவர்களாவது முதலிலிருந்தே அப்படி அழைக்கிறார்கள்.

போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் செய்தேன். எடுக்கவில்லை. அந்தப் பள்ளத்தில் சிக்னல் கிடைக்காது என்பது எனக்குத் தெரியும்; ஆனால் சுவரில் மாட்டிய போனுக்கு எதற்குச் சிக்னல்?

உங்கள் ஊர்த் தீவனக் கடைக்குப் போனேன். எனக்கு அங்கே வாங்க ஒன்றும் இல்லை. கல்லாவில் இருந்த வான்டா என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

“என்ன ஓரின், உன் மேட்டுக்குப் பல்லு முளைச்சிருச்சாமே?”

“யாரு சொன்னது?”

“யாரு சொல்லலைன்னு கேளு. மூணு டாக்டருங்க வந்து, சின்ன வீடு மாதிரி ஒண்ணக் கொண்டாந்து மேட்டு மேல எறக்கிட்டுப் போயிருக்காங்க. உள்ளாற நாற்காலி, ஹீட்டர், ஜன்னல் எல்லாம் இருக்குதாம். ஜன்னலத் தொறந்து சுட வேண்டியதுதான்.”

“அதுக்குப் பேரு வேட்டையா?”

“எனக்கெப்படிப்பா தெரியும்? எங்கிட்ட அவங்க தீவன மக்காச்சோளம் மூட்டை மூட்டையா வாங்கினாங்க. நீ இத்தனை வருஷத்துல ஒரு பாக்கெட் சுண்ணக்கட்டிதான வாங்கியிருக்க.”

லியோட்டா, டெல்மர் எனக்கு வாக்குக் கொடுத்தவர். வைக்கோல் கட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, கிரீஸ் கையால் என் கையைக் குலுக்கி, “ஓரின், இந்த மேடு இருக்கிற வரைக்கும் நீ பாட்டுக்கு வந்து போய்க்கிட்டு இருய்யா. வருஷா வருஷம் கேட்டுக்கிட்டு நிக்காத, எனக்கு எரிச்சலா வருது” என்றார். எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் ஒரு பத்திரம் கிடையாது. அவர் இருந்தபோது தெற்கு வேலியை நானும் அவரும் சேர்ந்து போட்டோம். பனிப்புயலில் ஓக் மரம் விழுந்து வேலி நசுங்கியபோது நான் இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டிவந்து ரம்பம் பிடித்தேன். ஆலோசனை சொல்வதில் ஒருநாளும் குறை வைத்ததில்லை.

என்னிடம் இல்லாத எது அந்தப் பல் மருத்துவர்களிடம் இருக்கிறது என்று மட்டும் எனக்கு எழுதுங்கள்.

ஓரின்

*

கிரைடர் பண்ணை
பிப்ரவரி 14, 2017

திரு. டாக்கெட் அவர்களுக்கு,

கேட்டதால் எழுதுகிறேன்.

போன வருடம் மார்ச் மாதம் நீங்கள் பத்திரிகையில் எழுதிய கட்டுரையை நானும் படித்தேன். “பண்ணையின் பெயரைச் சொல்வது நாகரிகம் இல்லை, ஆனால் வெள்ளைத் தீவனக் குதிரும் சாய்ந்த காற்றாலையும் உள்ள ஒரு வீட்டுக்குப் பின்னாலுள்ள மேட்டில், சாலையில் நின்றாலே சேவல்களின் கச்சேரி கேட்கும்” என்று எழுதியிருந்தீர்கள். நாகரிகம் நன்றாக இருந்தது. இந்த மாவட்டத்தில் சாய்ந்த காற்றாலை எத்தனை இருக்கிறது என்று நினைத்தீர்கள்?

அந்த ஏப்ரலில் சாலையோரம் வண்டிகள் வரிசையாக நின்றன. மாடுகள் மிரண்டு இரண்டு நாள் தொட்டிப் பக்கமே வரவில்லை. அக்டோபரில் அந்தப் பல் மருத்துவர்களில் ஒருவரான டாக்டர் கெஸிங்கர் வந்தார். முன்வாசலில் நின்று மணியடித்தார். அந்த மணி வேலை செய்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

கையில் உங்கள் கட்டுரை. பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தார்.

“அம்மா, காத்தாடி சாஞ்சிருக்கிற வீடு இதுதானுங்களே?”

“சாஞ்சிருக்கு. இன்னும் விழலை. என்ன வேணும்?”

“உள்ள வந்து சொல்லலாமா? ஷூவக் கழட்டிர்றேன்.”

“கழட்ட வேண்டாம், தொடச்சிட்டு வாங்க.”

துடைத்தார். ஆப்பிள் பை இரண்டு துண்டு சாப்பிட்டார். சுவரைப் பார்த்து, “இந்தப் போட்டோவில டிராக்டர் மேல உக்காந்திருக்கிறது யாருங்கம்மா?” என்று கேட்டார். சொன்னேன். சொல்லி முடிக்கும்போது இருட்டிவிட்டது. நடுவில் ஒருமுறைகூட அவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பல் மருத்துவர்களுக்கு அது தொழில் பழக்கமாகவும் இருக்கலாம். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

டெல்மர் உங்களுக்குச் சொன்ன வாக்கை நானும் கேட்டேன். அப்போது அவர்தான் கேட்டுக்கு அதிகாரி. நீங்களும் காலையில் சமையலறைக் கதவு வழியாக வந்து, ஆணியிலிருந்து சாவியை எடுத்து, காபி குடித்துவிட்டுப் போவீர்கள்.

லியோட்டா கிரைடர்

*

ஸ்பிரிங்ஃபீல்ட்
ஏப்ரல் 18, 2017

அன்புள்ள லியோட்டா,

கட்டுரை பற்றி நீங்கள் எழுதியதைப் பரிசீலித்தேன். பண்ணையின் பெயரை நான் எழுதவில்லை என்பதில் உறுதியாக இருக்கிறேன். வாசகர்கள் இவ்வளவு கவனமாகப் படிப்பார்கள் என்று எந்த எழுத்தாளனும் எதிர்பார்ப்பதில்லை.

நேற்றுப் பருவம் திறந்தது. சட்டம் படித்தவன் என்பதால் உங்கள் நிலத்தில் கால் வைக்கவில்லை. மேட்டின் வடக்குப் பக்கம் அரசாங்கக் காடு; வேலிக்கு அந்தண்டை ஒரு ஹிக்கரி மரத்தடியில் உட்கார்ந்தேன். உங்கள் வேலி மரங்களில் ஒன்று விடாமல் ஊதா வண்ணம் பூசியிருக்கிறார்கள். உள்ளே வராதே என்று பலகை வைத்தால் பையன்கள் சுட்டு ஓட்டை போடுகிறார்கள் என்றுதான் இந்த மாநிலத்தில் ஊதாவைச் சட்டமாக்கினார்கள் என்பது தெரியும். இருந்தாலும், டாக்வுட் பூத்திருக்கும் காட்டில் அவ்வளவு ஊதாவைப் பார்த்தபோது யாரோ என் முகத்தில் பூசியதுபோல் இருந்தது.

விடியும்போது உங்கள் பக்கத்துச் சரிவில் ஒரு சேவல் கத்தியது. சாதாரணச் சேவல் இல்லை, பெரிய மனிதன். நான் என் சிலேட்டை எடுத்து, குச்சியால் தேய்த்து, பெட்டையைப் போல இரண்டு முறை மெல்லக் கூப்பிட்டேன். உடனே பதில் வந்தது. சேவலிடமிருந்து இல்லை. வேலிக்கு அப்பாலிருந்து இன்னொரு பெட்டை.

லியோட்டா, நான் வாழ்நாளெல்லாம் வான்கோழிகள் பேசுவதைக் கேட்டவன். அப்படி ஒரு பெட்டையைக் கேட்டதில்லை. வயதானவள். குரலின் கடைசியில் லேசாக ஒரு கரகரப்பு, தொண்டையைச் செருமுவது போல. நான் கெஞ்சினால் அவள் அதட்டினாள். நான் அதட்டினால் அவள் மௌனமானாள். நான் அவ்வளவுதான் என்று சிலேட்டைக் கீழே வைத்தால், “எங்கே போய்விட்டாய்?” என்று மெதுவாக ஒரு கேள்வி. சேவலை மறந்துவிட்டேன். காலை முழுக்க நாங்கள் இருவரும்தான். சேவலோ சரியான பெண்ணைத் தேர்ந்தெடுத்து உங்கள் பக்கமே இறங்கிப்போயிற்று.

நடுவில் வனத்துறைக்காரர் வந்தார். மீசை இன்னும் சரியாக முளைக்காத ஆள்.

“சார், வேலிக்கு இந்தப் பக்கந்தானே இருக்கீங்க?”

“என் கால் ஒண்ணுகூட அந்தப் பக்கம் போகல, தம்பி.”

“கால் போகல சார். கண்ணு போய் ரொம்ப நேரமாச்சு.”

உரிமத்தைப் பார்த்துவிட்டுப் போனார்.

உங்கள் பல் மருத்துவர்களிடம் சொல்லுங்கள்: அந்தப் பெட்டையை எந்த மனிதனும் போலி செய்ய முடியாது. ஹீட்டர் வைத்த வீட்டுக்குள் உட்கார்ந்து அதெல்லாம் வராது. அந்த மேட்டுக்கு அவள் இருக்கிறாள் என்பது மட்டும்தான் எனக்கு ஆறுதல்.

ஓரின்

*

கிரைடர் பண்ணை
ஏப்ரல் 22, 2017

ஓரின்,

அந்தப் பெட்டை நான்.

திங்கட்கிழமை பல் மருத்துவர்கள் டவுனில் காலை உணவு சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்குத்தான் வந்தார்கள். வடக்குச் சாலையில் உங்கள் வண்டி நிற்பதைப் பார்த்தேன். டெல்மரின் ஆரஞ்சு மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு, மாட்டுத் தொட்டிக்குப் பின்னால் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தேன். கையில் டெல்மரின் பெட்டி. மின்னல் விழுந்த செடார் மரத்தில் அவர் செதுக்கிய அதே பெட்டிதான். மூடியைத் தேய்த்தால் பெட்டை கூப்பிடும். கடைசியில் வந்த கரகரப்பு, மூடி தளர்ந்துபோனதால் நான் சுற்றிய ரப்பர் வளையத்தின் சத்தம். அந்தப் பெட்டியை நீங்கள் எத்தனை வசந்தம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருப்பீர்கள்? நானும் அது உங்களுக்குத் தெரிந்துவிடும், வேலிக்கு அப்பாலிருந்து ஒரு சத்தம் போடுவீர்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

முதலில் உங்களைக் கேலி செய்யத்தான் எடுத்தேன். நீங்கள் பதில் சொல்லிக்கொண்டே இருந்தீர்கள்.

டெல்மர் போனபிறகு இது நான்காவது வசந்தம். முதல் வசந்தத்தில், பருவம் திறந்த அன்று, இரண்டு பேருக்குக் காபி போட்டுச் சமையலறை விளக்கையும் போட்டு வைத்தேன். பின்கேட்டில் உங்கள் வண்டி விளக்கு தெரிந்தது. கேட் திறந்தது, மூடியது. பத்து மணிக்கு ஒரு வெடிச் சத்தம். பிறகு கேட் திறந்தது, மூடியது. காபியைக் கழுவுத்தொட்டியில் ஊற்றினேன். நீங்கள் சாவிக்கு நகல் வெட்டிய விஷயம் எனக்கு அன்றுதான் தெரியும். இரண்டாம் வருடமும் காபி போட்டேன். மூன்றாம் வருடம் எனக்கு மட்டும் போட்டுக்கொண்டேன்.

தொந்தரவு செய்யவில்லை என்று ஜனவரியில் எழுதியிருந்தீர்கள். உண்மைதான். ஒருமுறைகூடச் செய்யவில்லை. டெல்மரைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் அவர் மேட்டில் மூன்று வசந்தம் நடந்துவிட்டுப் போனீர்கள். ஒரு மரப்பெட்டியோடு காலை முழுக்கப் பேச உங்களுக்கு விஷயம் இருந்தது.

கெஸிங்கர் ஐந்து வருடத்துக்குக் குத்தகை கேட்கிறார். மே முதல் தேதி, திங்கட்கிழமை, காகிதத்தோடு வருவார். நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை.

வருகிற சனிக்கிழமை பல் மருத்துவர்கள் வரவில்லை. யாரோ ஒருவர் மகளுக்குக் கல்யாணமாம். அன்று நான் வீட்டில் இருப்பேன். விடிந்ததும் வாருங்கள்.

லியோட்டா

*

ஸ்பிரிங்ஃபீல்ட்
ஏப்ரல் 30, 2017

திருமதி கிரைடர் அவர்களுக்கு,

இந்த ஒரு வாரமும் நான் சரியாகத் தூங்கவில்லை என்பதை முதலில் பதிவு செய்கிறேன். உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நீங்கள் எழுதியது பல விஷயத்தில் சரி. அதை உங்களிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று தயாராகத்தான் வந்தேன். நல்ல சட்டை போட்டுக்கொண்டேன். அதன் மேல்தான் வேட்டைச் சட்டை.

உங்கள் வீட்டுக்கு வெறுங்கையோடு வருவது முறையில்லை என்று தோன்றியது. இத்தனை வருடம் கழித்துக் கதவைத் தட்டுகிறவன் கையில் ஒரு பறவையாவது இருக்க வேண்டாமா? விடிகிற நேரத்தில் மேட்டுக்குப் போய், அந்தப் பெரிய மனிதச் சேவலைச் சுட்டு எடுத்து, ஒன்பது மணிவாக்கில் அதைத் தோளில் போட்டுக்கொண்டு முன்வாசலுக்கு வந்து நிற்பது என்பது என் திட்டம். மார்புக்கறி முழுவதும் உங்களுக்கு. அப்புறம் உட்கார்ந்து டெல்மரைப் பற்றிப் பேசுவது.

பின்கேட்டுக்கு வந்தேன். என் சாவியைப் போட்டேன். சேரவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் புதுப் பூட்டு. இரண்டு கம்பத்திலும் ஊதா, நடுக்கட்டையிலும் ஊதா. டார்ச்சை நிமிர்த்தினால் உங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலில் விளக்கு.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒரு மனிதனைக் காலை முழுக்கப் பெட்டையாக இருந்து ஏமாற்றத் தெரிந்தவருக்கு, பூட்டிய கேட்டுக்கு அவனை அழைக்கவும் தெரியும். மேட்டில் சேவல் கத்த ஆரம்பித்திருந்தது. விளக்கைப் போட்டு வைத்துக்கொண்டு, நான் சாவியோடு மல்லுக்கட்டுவதை நீங்கள் பார்த்துச் சிரித்திருப்பீர்கள். சிரியுங்கள். அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

வழியில் தீவனக் கடையில் காபி குடிக்க நின்றேன். “என்ன இவ்ளோ வெள்ளன திரும்பிட்ட? பறவை எங்க?” என்றாள் வான்டா. “வேட்டைக்குப் போகல” என்றேன். “பின்ன எதுக்கு மூஞ்சில கரி பூசியிருக்க?” என்றாள். காபியை அப்படியே வைத்துவிட்டு வந்தேன். டெல்மர் உயிரோடு இருந்தபோது அந்த ஊரில் என்னைப் பார்த்து யாரும் இப்படிச் சிரித்ததில்லை.

ஜனவரியில் உங்களுக்குத் தெரிவித்த முடிவை இப்போது மாற்றிக்கொள்கிறேன். சாசேஜும் வராது.

ஓரின் டாக்கெட்

*

கிரைடர் பண்ணை
மே 3, 2017

திரு. டாக்கெட் அவர்களுக்கு,

கேட்டுக்கு ஊதா அடித்ததும் பூட்டு மாற்றியதும் மார்ச் மாதத்தில், பல் மருத்துவர்கள் செய்தது. வேலி முழுக்க அடித்த அதே டப்பாவில்தான் அதையும் அடித்தார்கள்.

புதுப் பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று அவர்களிடம். இன்னொன்று என்னிடம், சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில், டெல்மர் மாட்டும் அதே ஆணியில். அதைப் பற்றிக் கடிதத்தில் எழுதவில்லை. எழுதியிருந்தால் சாவிக்காக வந்திருப்பீர்கள்.

சனிக்கிழமை காபி இரண்டு பேருக்குப் போட்டிருந்தேன். கேட்டில் விளக்கு வந்ததைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் நின்றது. பிறகு திரும்பியது. கேட்டிலிருந்து வீடு நடக்கிற தூரம்தான், உங்களுக்கே தெரியும்.

திங்கட்கிழமை டாக்டர் கெஸிங்கர் வந்தார். முன்வாசலில் மணியடித்தார். மேடு ஐந்து வருடத்துக்குக் குத்தகை போயிற்று. ஆணியில் இருந்த சாவியையும் அவரிடமே கொடுத்துவிட்டேன்.

லியோட்டா கிரைடர்